எண்ண முடியாதவை

பாலக்காட்டுப் பயிற்சியில் கொடுத்த கையேட்டில்
பதினேழாம் செயல்பாடு: விமான நிலையம்.
ஒருவர் அதிகாரி, ஒருவர் பயணி, மற்றவர்கள் வரிசை.
கொழிஞ்சாம்பாறை ஏழாம் வகுப்பில்
விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர்.
ஏறியவர் ஒருவருமில்லை,
என்னையும் சேர்த்து.

ஆகவே விமானத்தைத் தள்ளி வைத்துவிட்டு
கோபாலபுரம் செக்போஸ்ட்டை உள்ளே கொண்டுவந்தேன்.
இரண்டு பெஞ்சு. குறுக்கே கொடிக்கம்பு.
இது தமிழ்நாடு, அது கேரளா என்று
சாக்பீஸால் கோடு கிழித்ததில்
கரும்பலகை ஒரு பக்கமும்
நான் ஒரு பக்கமும் போய்விட்டோம்.
"டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?"
இங்கிலீஷில் கேள் என்றேன்.
தப்பித்தேன்.

அன்றைய இலக்கணம்
எண்ணக்கூடிய பெயர், எண்ண முடியாத பெயர்.
மூட்டைக்கு ஹௌ மெனி, அரிசிக்கு ஹௌ மச்.
கள்ளை எண்ண முடியாது, கலயத்தை எண்ணலாம்.
"எங்கம்மா கல்லுப் பொறுக்கறப்ப
ஒவ்வொரு அரிசியாத்தானுங்க டீச்சர் பாக்குது"
என்றாள் மிதுனா.
கையேட்டில் அதற்கு விடையில்லை.
பணமும் எண்ண முடியாத பெயர்தான் என்றதும்
வகுப்பே சிரித்து உருண்டது.
"எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க,
எண்றதுக்கு இருக்காது" என்றது கடைசி பெஞ்சு.

நவ்ஃபல் அதிகாரி.
அவன் அப்பாவின் பெல்ட் இரண்டு சுற்று வந்தது.
பயணிகள் மேலே பார்த்தார்கள்,
விட்டத்தில் எழுதியிருப்பதுபோல.
தமிழில் ஒன்றை எடுத்து
மலையாளத்தில் ஒருமுறை உரசி
இங்கிலீஷாக்கி இறக்குவதற்குள்
வரிசையில் இருவர் உட்கார்ந்தே விட்டார்கள்.

பிறகு சுகிர்தா.
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறப்பவள்.

வாட் இஸ் இன் யுவர் பேக்?
கிளாத்ஸ், சார்.
எனி ரைஸ்?
நோ ரைஸ், சார். ஒன்லி கிளாத்ஸ்.
வேர் ஆர் யூ கோயிங்?
மை மதர் ஹாஸ்பிடல், சார்.

விட்டத்தைப் பார்க்கவில்லை.
நவ்ஃபலின் சட்டையில் மூன்றாவது பொத்தானைப் பார்த்தாள்.
பையில் இருந்தது ஒரு சமூக அறிவியல் புத்தகம்;
தோள் பத்து கிலோவுக்குச் சாய்ந்திருந்தது.
பேசப் பேசவே பையைக் காலால்
முழங்காலுக்குப் பின்னே நகர்த்தினாள்,
அதைக் கால் தானே செய்தது,
அவளுக்குத் தெரிந்திருக்காது.

நவ்ஃபலுக்கு அடுத்த வரி மறந்துபோனது.
தெரிந்த பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள்.
எனக்கும் தெரியும்:
ஏழு பத்து பஸ், பின்சீட்டு,
சேலைக்குள் மடித்த சேலைக்குள் ரேஷன் புழுங்கல்.
நான் மாவு வாங்கும் கடையில்
இது எந்தப் பக்கத்து அரிசி என்று
இதுவரை கேட்டதில்லை.

மதிப்பீட்டுத் தாளில் நான்கு கட்டம்.
உச்சரிப்பு, சரளம், தன்னம்பிக்கை
மூன்றுக்கும் முழுமதிப்பெண் போட்டேன்.
அம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
ஒரு வினைச்சொல் விட்டுப்போயிருந்தது.
இலக்கணத்தில் அரை மார்க் குறைத்தேன்.
குறைக்காவிட்டால்
அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல்
நவ்ஃபல் கம்பைத் தூக்கினான்.
யூ மே கோ.
சுகிர்தா குனிந்து கடந்து
தன் இடத்தில் உட்கார்ந்து
பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பெல் அடித்தது. பெஞ்சுகளைத் திருப்பினோம்,
கோட்டை அழிக்க மறந்துவிட்டோம்.
நாலாம் பீரியடுக்கு வந்த கணக்கு சார்
செருப்பில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்து
"யார் கிழித்தது இதை?" என்றார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை,
எந்த மொழியிலும்.