எங்கள் பங்குக்கு வந்த வில்லா

தோஹாவில் எங்களுக்கு வில்லா என்று
குளச்சலில் யாரோ சொல்லித் திரிகிறார்களாம்.
உண்மைதான்.
துமாமாவில், ஏழில் ஒரு பங்கு வில்லா.

முன்பு யாரோ விருந்தாளிகளை உட்கார வைத்த கூடத்தை
ஜிப்சம் பலகையால் மூன்றாக அறுத்ததில்
நடுத்துண்டு எங்களுடையது.
அதனால் வீட்டுக்குள் ஒரு படிக்கட்டு ஏறுகிறது,
ஒன்பதாம் படியில் சீலிங்கில் முட்டி நின்றுவிடுகிறது.
பொன்னிறப் பிடி போட்ட கதவு ஒன்று இருக்கிறது,
திறந்தால் சுவர்.
தலைக்கு மேலே
சாந்தில் இழைத்த பெரிய வெள்ளைப் பூவின்
பாதி.
மறுபாதி பக்கத்து வீட்டில்.

ஆணி அடிக்கக் கூடாது.
அடித்தால் சுவருக்கு வலிக்காது,
அட்வான்ஸுக்கு வலிக்கும்.

வீட்டை அழகுபடுத்த
வில்பிரட் ஒதுக்கிய தொகை இருநூறு ரியால்.
முப்பது முதல் நாளே டாக்ஸிக்குப் போனது.
குப்பைத் தொட்டி ஓரம் தனியே நின்ற
ஊதா வெல்வெட் நாற்காலியை
விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை.
அதற்கு மூன்று கால்.
நாலாவதாகப் பால்பவுடர் டின், உள்ளே மணல்.
வருகிறவர்களிடம்
எந்தப் பக்கம் சாயக் கூடாது என்று
காபிக்கு முன்பே சொல்லிவிடுவோம்.

சைட்டில் மிஞ்சிய பெயிண்ட் நாலு டப்பா:
ஆஸ்பத்திரிப் பச்சை, பள்ளிக்கூட மஞ்சள்,
லேபிள் கிழிந்த இரண்டு.
எதுவும் ஒரு சுவருக்குக் காணாது.
ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினோம்.
வந்த நிறத்துக்கு
எந்தக் கம்பெனியும் பெயர் வைத்ததில்லை.
பழுக்கப்போகும் கொய்யா என்கிறாள் அஸ்லின்.
நேற்றைய சாம்பார் என்கிறார் அவள் அப்பா.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
ஏசி ஓட்டையின் இடுக்கு வழியே
நாலேகால் மணிக்கு ஒரு விரல் அகலம் வெயில் விழும்.
அது பட்ட இடத்தில் மட்டும்
அந்தச் சுவர்
பணக்கார வீட்டுச் சுவர்.

தரைக்கு, கார்ப்பெட் கடையின் பழைய ஆல்பத்திலிருந்து
உரித்த சாம்பிள் துண்டுகள். நாற்பத்தெட்டு. இலவசம்.
தூண்டில் நைலான் மூன்று ரியால்,
என் விரல் வெட்டுகள் கணக்கில் வராது.
ஒவ்வொன்றின் முதுகிலும் மீட்டருக்கு என்ன விலை என்று எழுதியிருந்தது.
தைப்பதற்குள் அஸ்லின் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.
"அம்மா, நான் இப்ப எழுநூறுல நிக்கேன்.
அப்பா தொண்ணூறுலதான் நிக்காரு."

படிக்கட்டுதான் எங்கள் ஷோகேஸ்.
கீழே அரிசி மூட்டை, நடுவில் மாதா,
மாதாவைச் சுற்றி போன கிறிஸ்துமஸின் சீரியல் லைட்,
அதில் நீலம் மட்டும் எரியாது.
எட்டாம் படியில் அஸ்லின் படிக்க உட்காருவாள்.
கை நீட்டினால் பூ எட்டும். ஒருநாள் எண்ணிவிட்டாள்.
"நம்ம பங்கு ஏழரை இதழ்."
கோயிலுக்குப் போகிற குடும்பம்தான் நாங்கள்,
இருந்தாலும் ஏழரை என்றதும்
வில்பிரட் எட்டு என்று திருத்தினார்.

பக்கத்து வீட்டு எகிப்துக்காரி ஹனான்
உப்புக் கேட்டு வந்தவள்
உப்பை மறந்து அண்ணாந்து நின்றாள்.
அவள் பாதிக்கு அவள் தங்க நிறம் அடித்திருக்கிறாளாம்.
மறுநாள் டப்பாவின் அடியில் ஒட்டியதை
ஒரு ஐலைனர் பிரஷோடு எடுத்து வந்தாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபி வராது.
எட்டாம் படியில் முதுகோடு முதுகு ஒட்டி
இரண்டு மாலைப்பொழுது.
அந்த அரை இதழுக்கு மட்டும் பெயிண்ட் போதவில்லை.

அதே வாரம்
பின்தெருவில் பலதியா வந்தது.
பலதியா என்றால் இங்கே நகராட்சி.
அனுமதியில்லாத தடுப்புகளை இடித்தார்கள்.
மெத்தைகள் வெளியே வெயிலில் கிடந்தன.
இங்கும் வருவார்கள் என்கிறான் வாட்ச்மேன்,
வரமாட்டார்கள் என்கிறான் வாடகை வாங்குகிறவன்.
சுவர் போனால் பூ முழுசாகும்.
அதைப் பார்க்க
ஹனானும் இருக்கமாட்டாள், நானும்.

கையில் மிச்சம் பதினொரு ரியால்.
கட்டிவைப்பதா, செலவழிப்பதா என்று
ராத்திரி முழுக்கப் பேசினோம்.
காலையில் அஸ்லின் கேட்டதை வாங்கினோம்:
ஒரு மிதியடி, நல்வரவு என்று அரபியில்.
சுவரைத் திறக்கும் அந்தக் கதவுக்கு முன்னால்
அவளே விரித்தாள்.
தினமும் கதவைத் திறந்து
யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கிறாள்.
அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்கும்.
"இருக்காங்க," என்று மூடிவிட்டு வருகிறாள்.