பகுதியெண்

இலக்கு நாற்பத்தொன்று.
பிரதேச செயலகம் அனுப்பிய எண்:
இந்த வருடம் முப்பத்தைந்து முடிக்கும் பெண்கள்,
ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே,
மூன்று குளங்களுக்கு இடையில் என் பிரிவு.

வந்தவர்கள் பதினாறு.
வகுத்தால் முப்பத்தொன்பது வீதம்.
மாதாந்தக் கூட்டத்தில் சுவரில் விழுந்த வெளிச்சத்தில்
எல்லாவற்றிலும் குட்டையான கம்பம் என்னுடையது.
"மிஸ்ஸுக்குச் சனத்தோட கதைக்கத் தெரியாதோ?"
புது டொக்டர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

கதைத்திருக்கிறேன், டொக்டர்.
காலை ஐந்தேகாலுக்குச் சந்தியில் நிற்கும்
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில்
பன்னிரண்டு பேர் ஏறிவிடுகிறார்கள்.
எங்கள் கிளினிக் வியாழன், ஒன்பது மணி.
அந்நேரம் அவர்கள்
எந்த நாட்டுக்காரியோ போடப்போகும் உள்ளாடைக்கு
லேஸ் தைத்துக்கொண்டிருப்பார்கள்.
ஒருநாள் நின்றால் அந்த மாத வரவுப்பணம் முழுதும் போகும்.

நெடுங்கேணி வீதிக்கு அப்பால்,
எழுபத்தேழில் தேயிலை மலையிலிருந்து
துரத்தப்பட்டு வந்தவர்களின் குடியிருப்பு.
அங்கே நான் டோர்ச் அடித்துப் பார்ப்பது வாய்க்குள்.
கச்சான் பிடுங்கும் நாள் முழுக்கக்
கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை.
விடச் சொன்னேன்.
"விட்டுர்றோம். பசிக்கு என்னாத்த போடுறது, மிஸ்?"
கையேட்டில் பதில் இருக்கிறது:
பழங்கள், பச்சை மரக்கறிகள்.

நந்தகௌரி ஒருமுறை வந்தாள்.
கட்டிலைப் பார்த்தாள்.
திரையைப் பார்த்தாள்.
செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
இங்கு அப்படிக் கேட்கிற வழக்கம் நின்று பதினாலு வருடம்.
அடுத்த மாதம் கட்டிலைத் திருப்பிப் போட்டேன்,
தலை சுவர்ப்பக்கம்,
கண் கதவுப்பக்கம்.
திறப்பை அவள் கையிலேயே கொடுத்தேன்.
பதினேழு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பள்ளிக் கட்டடம்.
குட்டிக் கதிரைகளில் முழங்கால் முட்ட இருந்து
ஆடைத் தொழிற்சாலைக்காரிகள் ஒன்பது பேர்
ஒருத்தியை ஒருத்தி முதலில் போகச் சொல்லித் தள்ளிச் சிரித்தார்கள்.
கண்ணாடித் தகடுகளில் பென்சிலால் பெயர் எழுதி
மடியில் பெட்டியை வைத்து ஆய்வுகூடம் வரை போனேன்.
பள்ளம் வரும் இடமெல்லாம் எனக்குப் பாடம்.

இருபத்தேழாவது நான்.
ஆம், அந்த நாற்பத்தொன்றில் நானும் ஒருத்தி.
பக்கத்துப் பிரிவு மிஸ்ஸின் கை குளிர்ந்திருந்தது.
"மூச்சை ஆறுதலா விடுங்கோ."
எல்லோருக்கும் நான் சொல்வது.
அது கொஞ்சமும் உதவாது என்று இப்போது தெரியும்.

அறுபத்தாறு வீதம். டொக்டர் கைதட்டினார்.

அவருக்கு நான் சொல்லாதது:
எங்கள் வகுப்பில் மட்டும் பெண்பிள்ளைகள் இருபத்திரண்டு.
இந்தப் பிரிவில் அப்போது நாலு பள்ளிக்கூடம்.
கோட்டுக்கு மேலே எத்தனை என்று கேட்கிறீர்கள்.
கோட்டுக்குக் கீழே
நாற்பத்தொன்று எப்படி நாற்பத்தொன்று ஆனது?
சிலர் கனடாவில்.
மற்றக் கணக்கு
புற்றுநோய்ப் பிரிவுக்கு உரியதல்ல.

முடிவுகள் மாசியில் வந்தன.
ஒரு தாளில் மட்டும் சிவப்புக் கோடு.
கேதீஸ்வரி வரம்பில் நின்றே கேட்டாள்.
"புற்றோ?"
"இல்லை. அதுக்கு முந்தினது.
விட்டால் அதாகலாம்."
கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தாள்.
"அப்ப, களை பூக்க முதல் பிடுங்கிறது."
"ஓம்."
"வெட்டு மெசின் புதன்கிழமைதான் வரும்.
அதுக்குப் பிறகு எண்டால் வாறன்."

வியாழன், விடியாத சந்தி.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு என் பையில்.
அவள் சீலைக் கரையில் வைக்கோல் தூசி.
தொழிற்சாலை பஸ்தான் முதலில் வந்தது.
யன்னலால் கைகள் நீண்டு ஆட்டின,
ஒருத்தி பாண் துண்டொன்றை எறிந்தாள்,
கேதீஸ்வரி பிடித்துவிட்டாள்.
எங்கள் பஸ்ஸுக்கு
இன்னும் இருபது நிமிடம் இருந்தது.
பாதியை எனக்குப் பிய்த்துத் தந்தாள்.