அரைப் பவுனுக்கும் குறைவு

காலையில் இந்தத் தராசில் குஞ்சு நிறுப்பேன்.
ஹுபாராக் குஞ்சு, பொரிந்து ஒருநாள்,
முப்பத்தொன்பது கிராம்,
அதில் பாதி நடுக்கம்.
மதியம் தட்டைத் துடைத்துவிட்டு
அதே தராசில் தோட்டாவின் குண்டு.

சுவைஹானுக்குத் தெற்கே பதினெட்டுக் கிலோமீட்டர்.
வேலிக்குள் நாலாயிரம் பறவை.
வல்லூறு பிடிப்பதற்கென்றே வளர்க்கிறோம்.
அதுவரைக்கும் நரி பிடிக்கக் கூடாது.
எங்கள் சம்பளம்
அந்த இடைவெளிக்கு.

சென்ற மாதம் ஒரே இரவில் பதினேழு கழுத்து.
ஹுமைத் அனுமதித் தாள் வாங்கிவந்தார்,
நீளக்குழல் துப்பாக்கியும் நாலு டப்பாக் குண்டும்.
மருந்தடைக்க அவர், சுட அவர்.
நிறுக்க, குறிக்க, தொலைநோக்கியில் பார்க்க நான்.
என் விசாவில் 'கோழிப்பண்ணை உதவியாளர்';
விசையில் விரல் வைக்க அதில் இடமில்லை.

டப்பாமேல் கிரெயின் கணக்கு.
மணி என்று அர்த்தம், தானிய மணி.
குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தவர்களுக்கு
இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஐம்பத்தைந்து என்றால் அரைப் பவுனுக்குக் குறைவு.
அறுபத்தொன்பது என்றால் அரைப் பவுனுக்குச் சற்றே மேல்.
ஒன்றுக்கொன்று முடியளவு மாறினாலும்
தனிக்கிண்ணத்தில் ஒதுக்கினேன்.
"தங்கக்கடையிலா இருந்தாய்?" என்றார்.
தேரா, ஏழு வருஷம்.

முந்நூறு மீட்டர். காகிதம். காலை ஆறு மணி, காற்றில்லை.
எழுபத்தேழு: குழலின் சுழற்சி அதற்குப் போதவில்லை,
பக்கவாட்டில் புரண்டுபோய்
சாவித்துவாரம் போலத் துளைத்திருந்தது.
அப்படியே மூடிவைத்தோம்.
சிவப்பு முனை ஐம்பது: ஆறு மணிக்கு அருமை,
பத்து மணிக்கு ஷமால் எழுந்ததும்
சாண் தள்ளி, சாணுக்கும் மேல் தள்ளி,
யாரோ கூப்பிட்டதுபோல் போனது.
ஐம்பத்தைந்து: ஐந்து துளையும் ஒரு உள்ளங்கைக்குள்.
அறுபத்தொன்பது: சுலைமானிக் கோப்பையின் வாய்க்குள் ஐந்தும்.
ஹுமைத் சிரித்தார். "முடிந்தது. எழுது."

நான் எழுதவில்லை.

மணல்மேட்டுக்கு அப்பால்
மொஃபிசுலின் கூடாரம், நாற்பது ஒட்டகம்,
கம்பத்தில் தொங்கும் ஒரு சோலார் விளக்கு.
தவறும் குண்டு எங்கே போகும்
என்று காகிதத்தில் தெரியாது.
"தரையில் ஒன்று சுடுங்கள்," என்றேன்.
அதிகாரியிடம் சொல்கிற குரல் அல்ல அது,
எனக்கே அந்நியமாக இருந்தது.

அறுபத்தொன்பது மணலைத் தொட்டது,
எகிறியது,
ஙொய்ங் என்று நீளமாய்
மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
நெடுநேரம் கேட்டோம்.
ஐம்பத்தைந்து: பொத்.
ஒரு பிடிப் புழுதி, பிறகு ஒன்றுமில்லை.
தோண்டிப் பார்த்தேன். மெல்லிய செம்புத் தோல்,
ஈயத் துகள், வெந்தயம்போல.
அடிபட்டால் உடைந்துவிடுகிற ஜாதி.

ஹுமைத் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.
அது யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம்.
கோப்பையையும் உள்ளங்கையையும் மாறிமாறிப் பார்த்தார்.
மேட்டைப் பார்க்கவில்லை.
"ஐம்பத்தைந்து," என்றார்,
ஏதோ விலை அதிகம் என்பதுபோல.

வியாழன் இரவு, ஒன்றே முக்கால்.
இரண்டு பச்சைக் கண், வேலியின் வடமுனை.
கானல் இல்லாத நேரம்தான், ஆனால் காற்று இருந்தது.
ஒரே வெடி.
கண் இரண்டும் அணைந்தன, சற்றுத் தள்ளி
மறுபடி ஏற்றிக்கொண்டன,
பிறகு அவசரமில்லாமல் போயின.

விடிந்ததும் மொஃபிசுல் வந்தான்,
பால்மாவு கேட்டு.
"ராத்திரி வேட்டையா? சத்தம் வந்தது,
குண்டு வரவில்லை."
டப்பாவோடு கொடுத்தேன்.

நோட்டில் எழுதினேன்:
ஐம்பத்தைந்து. காற்று இடமிருந்து. தவறியது.
கீழே, அதே மையில்:
கூண்டு ஒன்பது, புதிய குஞ்சு மூன்று,
நாற்பது, முப்பத்தெட்டு,
மூன்றாவது தட்டில் நிற்க மாட்டேன் என்கிறது.