மாதிரி எண் 41

மேசை என்று சொல்கிறோம்.
உண்மையில் அது ஒரு கல்லறைக் கல்.
பர்கூர்ப் பக்கத்துப் பட்டறையில்
எந்த தேசத்துப் பிணத்துக்கோ இழைத்து,
கப்பலேறும் முன் விளிம்பு உடைந்து
மலிவாய் எங்களிடம் வந்த கருங்கல்.
அடியில் நான்கு டிராக்டர் டியூப்.
காற்று இறங்கினால் மாதப்பன் வந்து
கைப்பம்பால் அடித்துவிட்டுப் போவார்.

கல்லின்மேல் ஓர் ஊதா லேசர்,
இரண்டு வில்லைகள், ஒரு வடிகட்டி,
'இரவல்' என்று சீட்டு ஒட்டிய நிறமாலைமானி.
பெங்களூர் சாலையில் பாரவண்டி போனால்
ஒளிப்புள்ளி லேசாய் ஒருமுறை உதறி
ஒன்றும் நடக்காதது போல நிற்கும்.

நாங்கள் பார்ப்பது பல்.

தர்மபுரியில் அதற்குப் பஞ்சமில்லை.
அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சபீஹா
வாரம் ஒரு டப்பா கொடுத்தனுப்புவார்.
பெயர் இருக்காது. வயது, ஊர்,
குடித்த போர் எத்தனை அடி என்று மட்டும்.
ஐந்நூறு. எண்ணூறு. ஆயிரத்து இருநூறு.

நல்ல பல் ஊதா பட்டால்
பச்சையாய்ப் பதில் சொல்லும்,
மழை கண்ட மறுவாரக் கேழ்வரகுபோல.
ஃப்ளோரைடு குடித்த பல்
அங்கங்கே வாயை மூடிக்கொள்ளும்,
ஆய்வகத் திறப்பு விழா போட்டோவில்
இரண்டாம் வரிசையில் நான் மூடியிருப்பதுபோல.

நாற்பத்தொன்று என்னுடையது.
கோணலாய் முளைத்துக் கன்னத்தைக் குத்திய ஞானப்பல்.
படிவத்தில் கொடுத்தவர் கையெழுத்து நான்,
பெற்றவர் கையெழுத்தும் நான்.
சாட்சி போட்ட மாதப்பன்
"சொந்தப் பல்லுக்கே ரசீதா" என்று சிரித்தார்,
காவிப்பல் மொத்தமும் தெரிய.
அவர் எதற்கும் வாயைப் பொத்துவதில்லை.

மெல்லிய சீவலாய் அறுத்தேன்.
கல் அறுக்கிற அதே வைரத்தூள் பிளேடு,
இது எட்டணா அகலம்.
விளக்கை அணைத்துக் கண்ணாடி மாட்டி
நுனியில் தொடங்கினேன்.
பல் நுனியில்தான் பிறக்கிறது,
பிறகுதான் வேரை நோக்கி வருகிறது.

நுனி, எட்டு வயது: இருட்டு.
அடிபம்பில் தொங்கித் தொங்கி அடித்த தண்ணீர்.
ஒரு மில்லிமீட்டர், ஒன்பது: இருட்டு.
பள்ளிக்கூடத்தில் எனக்கு
வெற்றிலைக்காரி என்று பெயர்.
இன்னும் ஒன்று: இருட்டு.
இன்னும் ஒன்று.
திருகைக் கால்சுற்று நகர்த்தினேன்.
பச்சை.

பின்னால் திருப்பினேன், இருட்டு.
முன்னால், பச்சை.
கோடு என்றுகூடச் சொல்ல முடியாது,
ஒரு தயக்கம்.
மூன்று முறை அளந்தேன்.
மூன்று முறையும் அதே இடத்தில்.

தெருவில் குழாய் புதைத்தார்கள்.
எனக்குப் பதினொன்று.
ஒகேனக்கல் தண்ணி வருகிறது என்று
குடத்தோடு நின்ற சாயங்காலம்
குழாய் முதலில் வெறும் காற்றைத் துப்பியது,
அப்புறம் செம்மண் கலங்கல்,
அப்புறம் ஆறு.
அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு
"ருசியே இல்லை" என்று வாசலில் கொட்டினாள்.
மறுநாள் துவரம்பருப்பு
இரண்டு விசிலில் குழைந்தபோதுதான்
நம்பினாள்.

தேதியை யாரும் குறித்துவைக்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பெண், 24, காரிமங்கலம் வட்டம்.
வெட்டுமுகத்தில் ஒளிர்வு மாறுகிறது.
காரணம் ஆய்வுக்குரியது.
ஒரே ஒரு பல்லை வைத்து
எந்த ஆய்விதழும் எதையும் ஒப்புக்கொள்ளாது,
ஒப்புக்கொள்ளவும் கூடாது.

வெளியே வண்டி ஒன்று கடந்தது.
ஒளிப்புள்ளி உதறியது,
பச்சையிலேயே வந்து நின்றது.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன்.
நாக்கு தானாகப் போய்
பல் இருந்த பள்ளத்தைத் தொட்டது.

பிறகு அடுத்த டப்பா.
மாதிரி எண் 42.
ஆண், ஒன்பது வயது.
போர், ஆயிரத்து முந்நூறு அடி.