எட்டு தசம் ஒன்று

ஈமோகுளோபின் பற்றிப்
பதினைந்து புள்ளிக் கேள்வி.
எனக்கு ஆறு.
மூன்றாம் வரிக்குப் போகையில்
முதல் வரி கழன்று விழுந்துவிடும்,
தேய்ந்த சைக்கிள் செயின்போல.

'பஞ்சி பிடிச்சவள்' என்றா ரீச்சர்.
'இரவிரவா போன்' என்றார் அப்பா.
புத்தகப் பையின் அடியில்
ஒரு பிடி பச்சரிசி கிடந்ததை
ஒருவரும் கேட்கவில்லை.
பாடம் நடக்கையில் மெல்லுவேன்,
ஏனென்று தெரியாமல்.

முழங்காவில் செம்மண்
என் வெள்ளைச் சட்டையில்
எத்தனை தோய்த்தும் போகாது.
அந்தச் சிவப்பு இரும்புதானாம்,
இரசாயனவியல் சேர் சொன்னார்.
குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மிஸி
கீழிமையை இழுத்துப் பார்த்தா.
'எத்தினை மாதமாப் பிள்ளை இப்பிடி?'
எனக்குத் தவணைக் கணக்குத்தான் வந்தது:
நாலு தவணை.
ஒவ்வொரு மாதமும் ஏழு நாள்,
ஒவ்வொரு விடியலும்
வெறுந்தேத்தண்ணியோடு ரியூசன்.

குளிசை, ஆணியை நக்கின ருசி.
தேத்தண்ணி கூடாது,
தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கு.

ஒன்பதாம் கிழமை
மூன்றாம் வரிக்குப் போனேன்.
முதல் வரி அங்கேயே நின்றது.
நம்பாமல்
திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

ரீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.
பஞ்சி.