ஏழாம் இலக்கச் சுவர்

முதல் நாள் மண்ணைத் தின்னச் சொன்னார்கள்.
பகிடி இல்லை.
பல்லிடுக்கில் நறநறத்தால் மணல்,
நாக்கில் மாவாய்க் கரைந்தால் வண்டல்,
அண்ணத்தில் ஒட்டிப் போகமாட்டேன் என்றால் களி.
கிண்ணியா சபூர்தீன் துப்பிவிட்டு
"உப்பும் இருக்கு" என்றான்.
பிரசாந்தினி மிஸ் அதையும் எழுதினா.

இரண்டாம் நாள் ஜாம் போத்தல்கள்.
மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தோம்.
தம்பலகாமத்துக் காற்று வயலைப் புரட்டிக்கொண்டிருக்க
பன்னிரண்டு பேரும்
பிரசவ வார்ட்டு வாசல்போல் காத்திருந்தோம்.
மணல் உடனே அமர்ந்தது.
களி அடுத்த நாள் காலைவரை யோசித்தது.

சுகிர்தமலர் மட்டும் மண்ணை வேறுவிதமாய்த் தொட்டாள்.
ஆறு வருசம் மூதூர்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றியவள்.
சரிவாய்க் குத்து, நிறுத்து, கேள்.
அவள் சுரண்டிய இடத்தில்
ஒரு துகள் கூடுதலாய் விழவில்லை.
"இந்த மண்ணுக்கு என்னில கோபம் இல்லை" என்றாள்,
ஆருக்கென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள்
பழைய களஞ்சியத்தின் ஏழாம் இலக்கச் சுவர்.
அடியில் வீக்கம். முழங்கால் உயரத்துக்கு ஈரம்.
மேலே சாம்பல் நிறச் சீமெந்துப் பூச்சு,
தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம்.
"மண்சுவருக்கு மழைக்கோட்டு போட்டிருக்கினம்,
வேர்வை உள்ளுக்கையே நிக்குது.
ஆர் செய்தது எண்டு பதிவில இல்லை" என்றா மிஸ்.

கந்தளாய் லலந்த அளவெடுத்தான்.
நாடாவின் மறுநுனி என் கையில்.
அது அதிகம் ஆடவில்லை.

பூச்சின் இடது மூலையில்
ஈரத்தில் ஆணியால் கீறிய ஒரு மீன்.
என் எல்லா வேலையிலும் அது இருக்கும்:
வங்கிச் சுற்றுமதில், சாம்பல்தீவுக் கிணற்றுக்கட்டு,
சொந்த வீட்டுக் குளியலறை.
நாலு வருசத்துக்கு முந்தி. ஒன்பது மூட்டை.
விவசாயச் சங்கம் மேடையில் ஏற்றி மாலை போட்டது.

மத்தியானச் சோறு இறங்கவில்லை.
படிவத்தில் 'சேதத்தின் காரணம்' என்ற கட்டத்தில்
எல்லோரும் ஈரம் என்று எழுதினார்கள்.
நான் என் பெயரை எழுதினேன்.
குலவீரசிங்கம் தவயோகன்.
தொலைபேசி இலக்கமும்.

மிஸ் வாசித்தா.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
"கலவை என்ன விகிதம்?"
"ஒண்டுக்கு நாலு."
"கம்பி வலை?"
"அடிச்சனான். ரெண்டங்குல ஆணி."
"நல்லது. ஆணி எங்கெங்க எண்டு
தெரிஞ்ச ஒரே ஆள் நீர்தான்."

பின்னேரம் உளியைச் சரித்துப் பிடிக்க
சுகிர்தமலர் காட்டினாள்.
பலகைபோல் ஒரு துண்டு பெயர்ந்தது.
உள்ளே மண் கறுத்துப் பூஞ்சணம் மணந்தது,
வைக்கோல் இழை அழுகியிருந்தது.
ஆனாலும் ஒரு கோடு,
பூசியவன் அவசரத்தில் விரலை இழுத்த கோடு,
அப்படியே.
அவனும் பெயர் போடவில்லை.

மீன் இருந்த துண்டை எறியவில்லை.
சபூர்தீன் அதற்கு இலக்கம் போட்டான்: 7-இ-1.
ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரவு மழை.
திறந்த சுவருக்குத் தார்ப்பாய் காணுமா என்று
மோட்டார்சைக்கிளில் போனேன்.
காணும்.
எனக்கு முதலே அங்கே
மூன்று டோர்ச் வெளிச்சம்.