இருபத்திரண்டு மில்லிமீட்டர்

சக்கரத்தைக் கழற்றியதும் பெள்ளி டிஸ்க்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான்.
தேயாத விளிம்பு ஒன்று வரப்பு மாதிரி எழுந்திருந்தது.
என் சுண்டுவிரல் நகம் அதில் தட்டி நின்றது.

மைக்ரோமீட்டரை நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தான்.
இருபத்திரண்டுக்குக் கீழே போகக் கூடாது என்று
வார்க்கும்போதே அதன் நெற்றியில் எழுதிவிடுகிறார்கள்.
இடது முன்சக்கரம் இருபத்தொன்று புள்ளி எட்டு.
வலது இருபத்திரண்டு புள்ளி ஒன்று.
"வலதை விட்டுடலாமா?" என்றேன்.
செருப்பில் ஒரு கால் மட்டும் வாங்குவீங்களா என்று
அவன் கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

குன்னூரில் மூன்றாம் நாளாக மழை.
மேசைமேல் மூன்று பெட்டி,
கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்தவை.
வேண்டாத இரண்டைத் திருப்பிவிடலாம்,
அட்டை நனையாமல் இருந்தால்.

ஒன்று துளை போட்டது, இடியாப்ப அச்சு.
ஒன்றில் வளைந்த கோடுகள்,
யாரோ நகத்தால் கீறிவிட்டு ஓடியது போல.
மூன்றாவது வெறும் தட்டு.
துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி,
பழக்காத தோசைக்கல் மாதிரி ஒரு சாம்பல் நிறம்.

ஷார்ஜாவிலிருந்து நெவில் குரல் அனுப்பியிருந்தான்:
துளை போட்டதையே வாங்கு,
அலாய் நடுவே அது தெரிஞ்சாதான் வண்டிக்கு மூஞ்சி,
காலிப்பருக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லு.
கார் அவன் பேரில்.
தவணை என் சம்பளத்தில்.

போன ஜூலையில் அவன் ஓட்டி இறங்கினோம்.
வளைவுக்கு வளைவு கடைசி நொடியில் மிதித்து,
வளைவுக்கு வளைவு சிரித்து.
பர்லியாறில் ஒரு நாற்றம்.
துரியன் சீசன், என்றான்.
பழக்கடைக்காரி கூடையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்:
"பழம் இன்னும் வரலீங்க. உங்க வண்டிதான்."
பாட்டில் தண்ணீரை அப்படியே சக்கரத்தில் ஊற்றினான்.
இரும்பு போட்ட சத்தத்தில்
கம்பத்தில் இருந்த குரங்குகள் எல்லாம் இறங்கி ஓடின.
அன்றிலிருந்து மிதித்தால் ஸ்டியரிங்குக்குக் குளிர்காய்ச்சல்.
அவன் விமானம் ஏறினான்.
நடுக்கம் எனக்கு வந்து சேர்ந்தது,
தினமும் மேட்டுப்பாளையம் ரத்த வங்கிக்கும் வீட்டுக்கும்.

பெள்ளி ஆணியிலிருந்து ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து
பல்பின் முன்னால் பிடித்தான்.
பெங்களூர்ப் பையன் ஒருவன் கழற்றிப் போட்டது.
துளைக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை விரிசல்,
கோலத்தில் புள்ளியை இணைத்த மாதிரி.
"கோடு போட்டது?"
"மழைக்கு நல்லா பிடிக்கும். பேடைத் தின்னும். கொஞ்சம் முனகும்."
"எது கனம்?"
இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போல.
பக்கத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசை
இரவல் வாங்கி வந்தான்.
கயிறு கட்டி, மழைச்சாரலில், ஒவ்வொன்றாகத் தூக்கினோம்.
வெறும் தட்டு முன்னூறு கிராம் கூட.
"சூடு உட்கார இடம் வேணும்ல" என்றான்,
தராசைப் பார்த்துக்கொண்டே.

அதையே மாட்டச் சொன்னேன்.
காலிப்பர் கருப்பாகவே இருக்கட்டும்.
பழைய இரண்டும் கிலோ முப்பது ரூபாய்க்குப் போயின.
நெவில் படம் கேட்டான்.
மேகம் இறங்கும்வரை காத்திருந்து எடுத்து அனுப்பினேன்.
சூப்பர், என்று பதில் வந்தது.

அறுபதிலிருந்து பத்துக்கு, பத்து தடவை,
முழுசா மட்டும் நிறுத்திடாதீங்க,
சூட்டோட நின்னா பேடோட அச்சு விழுந்துடும்:
இது பெள்ளி.

கேத்தி பாலாடாவில் அந்த ஒரு நேர் ரோடு.
விடிகிற நேரம். கேரட் கழுவுகிற இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது.
மூன்றாம் தடவை குழாய்க்காரப் பையன் திரும்பிப் பார்த்தான்.
ஆறாம் தடவை இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள்.
ஸ்டியரிங் அசையவில்லை. உள்ளங்கைக்கு
அது பழக்கமில்லாமல் இருந்தது.
ஒன்பதாவதில், நான் பத்துக்கு வந்தபோது,
சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தவள் கை நீட்டிக் கத்தினாள்:
"ஏங்க, போறீங்களா நிக்கிறீங்களா?"

பதில் சொல்ல நின்றால் அச்சு விழும்.
இன்னும் ஒரு தடவை பாக்கி.